அதிகபட்சம் என்ற கட்டம் ஏன் காலி?

ஒரு ஐசியின் டேட்டாஷீட் கைக்கு வந்தால் அதன் முதல் பக்கத்தை நான் படிப்பதில்லை. அது விளம்பரம். பொய் விளம்பரம் என்று சொல்லமாட்டேன். அங்கே அச்சாகியிருக்கும் ஒவ்வோர் எண்ணும் ஏதோ ஒரு ஆய்வகத்தில், ஏதோ ஒரு சூழ்நிலையில் உண்மையாக இருந்ததுதான். அந்தச் சூழ்நிலை எது என்பது ஐந்தாம் பக்கத்து அட்டவணையின் தலைப்பிலும், அதன் அடியில் பொடி எழுத்திலும் இருக்கும். நம் ஊரில் போர்டு செய்கிறவர்களில் பலர் ஐந்தாம் பக்கம் வரை போவதில்லை. போகச் சொல்லிக் கொடுக்கவும் ஆளில்லை. இந்தக் கட்டுரையில் என் புகார் அவ்வளவுதான். ஆனால் அதன் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும்.

கிணற்று மோட்டார் ஸ்டார்ட்டருக்குள் இருக்கும் கன்ட்ரோல் போர்டுகளை வடிவமைப்பதும், தோட்டத்திலிருந்து பழுதாகித் திரும்பி வருபவற்றைப் பிரித்துப் பார்ப்பதும் கோவையில் எனக்குத் தொழில். இப்போது வரும் போர்டுகளில் சிம் கார்டு இருக்கும். விவசாயி வீட்டிலிருந்து போன் செய்தால் மோட்டார் ஓடும், இன்னொரு முறை செய்தால் நிற்கும். போர்டில் உள்ள மிக மலிவான உறுப்புகளில் ஒன்று வோல்டேஜ் ரெகுலேட்டர். ஏறி இறங்கும் வோல்டேஜை ஒரு பக்கம் வாங்கி, மறுபக்கம் 5 வோல்ட் என்றோ 3.3 வோல்ட் என்றோ ஒரே சீராகக் கொடுப்பது அதன் வேலை. மூன்று கால், கறுப்பு உடம்பு, சில ரூபாய் விலை. அதைத் தேர்ந்தெடுக்க யாரும் அரை மணி நேரம்கூடச் செலவிடுவதில்லை.

பல்லடம் பக்கத்து விவசாயி ஒருவர் தன் ஸ்டார்ட்டரைத் துண்டில் சுற்றி எடுத்து வந்தார். "அம்மிணி, ஊர்ல யாரும் மோட்டார் போடாத நேரத்துல போன் பண்ணுனா இது எடுக்குதுங்க. எல்லாரும் போட்டிருக்கற நேரத்துல பண்ணுனா ஒரு ரிங்கு போகுது, அப்புறம் ஸ்விட்ச் ஆஃப்னு சொல்லுதுங்க" என்றார். ஸ்டார்ட்டர் கம்பெனியின் சர்வீஸ் ஆள் வந்து சிம்மை மாற்றிவிட்டுப் போயிருக்கிறார். பிறகு ஆன்டெனாவை மாற்றியிருக்கிறார். விவசாயி சொன்ன வாக்கியத்தைக் காது கொடுத்துக் கேட்டிருந்தால் இரண்டுமே தேவைப்பட்டிருக்காது. ஊரே மோட்டார் போட்டால் வோல்டேஜ் இறங்கும். இறங்கினால் என்ன ஆகும் என்பது வெறும் கூட்டல் கழித்தல் கணக்கு.

அந்தப் போர்டில் இருந்தது 230 வோல்ட்டை 9 வோல்ட்டாக்கும் ட்ரான்ஸ்பார்மர், நான்கு டையோடு, 2200 மைக்ரோஃபாரட் கண்டென்சர், பிறகு நம் பழைய நண்பர் 7805. கம்பிக் கடைசியில் இருக்கும் தோட்டத்தில் 180 வோல்ட் என்பது புதிதல்ல. அப்போது ட்ரான்ஸ்பார்மரிலிருந்து 9க்குப் பதில் 7 வோல்ட் வரும். அதன் உச்சம் 10ஐ ஒட்டி. டையோடுகள் ஏறத்தாழ 2 வோல்ட்டைத் தின்றுவிட்டால் மிச்சம் 8. ரிலேயும் மோடமும் சேர்ந்து அரை ஆம்பியர் இழுக்கும்போது, ஒரு உச்சத்துக்கும் அடுத்த உச்சத்துக்கும் நடுவே கண்டென்சரில் 1.8 வோல்ட் சரியும். ஆக ரெகுலேட்டரின் வாசலில் வோல்டேஜ் நொடிக்கு 100 முறை 6.2 வரை இறங்கி ஏறுகிறது. 5 வோல்ட் கொடுக்க 7805க்கு ஏறக்குறைய 7 வேண்டும். இந்த 2 வோல்ட் இடைவெளிதான் டிராப்அவுட். அது கிடைக்காத ஒவ்வொரு பள்ளத்திலும் 5 வோல்ட் 4.4க்கு வழுக்குகிறது. அதிலிருந்து ஒரு டையோடு வழியாக மோடமுக்குப் போவது 3.7தான். 2ஜி மோடம் பேசத் தொடங்கினால் 4.6 மில்லிசெகண்டுக்கு ஒரு முறை, அரை மில்லிசெகண்டுக்குச் சற்று அதிகமாக, 2 ஆம்பியர் வரை உறிஞ்சும். 3.4 வோல்ட்டுக்குக் கீழே போனால் தானே அணைந்துகொள்ளும். ரிங்கு கேட்டதற்கும் அடுத்த முறை ஸ்விட்ச் ஆஃப் ஆனதற்கும் காரணம் இதுதான்.

சர்வீஸ் ஆள் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தபோது 4.9 காட்டியிருக்கும். மீட்டர் சராசரியைத்தான் சொல்லும். பள்ளங்களைப் பார்க்க ஸ்கோப் வேண்டும்.

இப்போது 7805இன் டேட்டாஷீட்டைத் திறப்போம். டிராப்அவுட் வரியில் மூன்று கட்டங்கள்: குறைந்தபட்சம், வழக்கமானது, அதிகபட்சம். நடுக் கட்டத்தில் 2 வோல்ட். மற்ற இரண்டும் காலி. நிபந்தனை: 1 ஆம்பியர், 25 டிகிரி. வழக்கமான மதிப்பு என்றால் பெரும்பாலான ஐசிகள் அதை ஒட்டி இருக்கும் என்று அர்த்தம். நீங்கள் வாங்கிய ஐசி அப்படி இருக்கும் என்று யாரும் கையெழுத்துப் போட்டுத் தரவில்லை. கையெழுத்து அதிகபட்சம் என்ற கட்டத்தில்தான் இருக்கும். அது காலி என்றால், அந்த வேலை நம்முடையது. நாமே அளந்து பார்க்க வேண்டும், அல்லது தாராளமாக இடம் விட வேண்டும்.

கட்டம் நிரம்பியிருந்தாலும் இரண்டு எண்களுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று பாருங்கள். மைக்ரோசிப் நிறுவனத்தின் எம்சிபி1700 நல்ல ஐசி. பேட்டரிக் கருவிகளில் நானே விரும்பிப் போடுவது. 250 மில்லி ஆம்பியரில் அதன் டிராப்அவுட் 178 மில்லிவோல்ட் என்பது வழக்கமான மதிப்பு. அட்டவணையின் அதிகபட்சக் கட்டத்தில் இருப்பது 350. ஏறத்தாழ இரண்டு மடங்கு. எதை வைத்துக் கணக்குப் போடுவது என்று என்னைக் கேட்டால், 350ஐ என்பேன். சிலர் இதைப் பயந்தாங்கொள்ளித்தனம் என்பார்கள். அவர்கள் வீட்டு மோட்டார் நடுராத்திரியில் நிற்காது போலிருக்கிறது.

டிராப்அவுட் எண்ணைப் பற்றி இன்னொரு விஷயம். அதை எப்படி அளக்கிறார்கள்? உள்ளே வரும் வோல்டேஜைக் குறைத்துக்கொண்டே வந்து, வெளியே போவது தன் சரியான அளவிலிருந்து 100 மில்லிவோல்ட் விழும் இடத்தில் நிறுத்துகிறார்கள். சில நிறுவனங்களுக்கு அது 2 சதவீதம். அதாவது அந்த எண்ணில் நிற்கும் ரெகுலேட்டர் ஏற்கெனவே தோற்றுவிட்ட ரெகுலேட்டர். உள்ளீட்டில் வரும் இரைச்சலை வெளியே விடாமல் தடுக்கும் அதன் திறமையும் அங்கே போய்விட்டிருக்கும். இரைச்சல் தடுப்பைக் காட்டும் அழகான வரைபடங்களைப் பெரும்பாலும் 1 வோல்ட் கூடுதல் இடைவெளி வைத்துத்தான் எடுத்திருப்பார்கள். போதாததற்கு, டிராப்அவுட்டில் கிடந்த ரெகுலேட்டருக்குத் திடீரென்று வோல்டேஜ் திரும்பி வந்தால், முழுதாகத் திறந்து கிடந்த அதன் மடை உடனே மூடாது. ஒரு கணம் வெளியீடு 5ஐத் தாண்டிப் போகும். கரண்ட் விட்டு விட்டு வரும் ஊரில் இது நாள்தோறும் நடக்கும். இதற்கு வரைபடம் போட்ட டேட்டாஷீட்டுகளை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

ட்ரான்ஸ்பார்மரை 9லிருந்து 12 வோல்ட்டாக மாற்றினால் போகாதா என்று கேட்கலாம். லோ வோல்டேஜ் தொல்லை போகும். ஆனால் அதே தோட்டத்தில் யாரும் மோட்டார் போடாத நேரத்தில் 250 வோல்ட் வரும். அப்போது 7805 தாங்க வேண்டிய வெப்பம் 3 வாட்டிலிருந்து 5 வாட்டுக்கு மேல் ஏறும். வெயிலில் நிற்கும் இரும்புப் பெட்டிக்குள் அந்த வெப்பத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

அதனால் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் ஒரு வைத்தியம் சொல்வார்கள். 7805ஐக் கழற்றிவிட்டு எல்எம்2940 போடு. மூன்று காலும் அதே வரிசை, அதே உடம்பு, டிராப்அவுட் மட்டும் 1 ஆம்பியரில் வழக்கமாக அரை வோல்ட். இந்த வகை ரெகுலேட்டர்கள் காருக்காகப் பிறந்தவை. குளிர்காலக் காலையில் ஸ்டார்ட்டர் மோட்டார் இழுக்கும்போது 12 வோல்ட் பேட்டரி 6 வோல்ட் வரை விழுந்தாலும் உள்ளே இருக்கும் 5 வோல்ட் விழக்கூடாது என்று செய்தவை. நம் தோட்டத்துக்கும் அதே பிரச்சினைதானே?

அந்த ஸ்டார்ட்டர் கம்பெனியும் அதைத்தான் செய்தது. டிராப்அவுட் சரியானது. ஆனால் புதிதாக ஒரு புகார் வரத் தொடங்கியது. மூன்று ஃபேஸும் ஒழுங்காக இருக்கும்போதே ஃபேஸ் போய்விட்டது என்று சொல்லி மோட்டாரை நிறுத்துகிறதாம். ஸ்கோப்பில் பார்த்தால் 5 வோல்ட் அசையாமல் நிற்கவில்லை, வேகமாக நடுங்கிக்கொண்டிருக்கிறது. அந்த 5 வோல்ட்டை அளவுகோலாக வைத்து ஃபேஸ் வோல்டேஜை அளக்கும் மைக்ரோகன்ட்ரோலர் வேறென்ன செய்யும்?

இங்கேதான் நிலைத்தன்மை என்ற இரண்டாவது கேள்வி வருகிறது. ரெகுலேட்டர் தன் வெளியீட்டைத் தானே கவனித்துத் தானே திருத்திக்கொள்ளும் கருவி. திருத்தம் சரியான நேரத்தில் போய்ச் சேர வேண்டும். ஊஞ்சலை நிறுத்தக் கை நீட்டுகிறவர் கொஞ்சம் தாமதித்தால் நிறுத்துவதற்குப் பதில் தள்ளிவிடுவார், ஊஞ்சல் ஆடிக்கொண்டே இருக்கும். 7805இன் உள்ளே இருக்கும் அமைப்பு இயல்பிலேயே அடக்கமானது. அதன் வெளியீட்டில் 0.1 மைக்ரோஃபாரட் போட்டாலும் சரி, போடாவிட்டாலும் சரி, பொதுவாக ஆடாது. டிராப்அவுட்டைக் குறைப்பதற்காக எல்எம்2940 போன்றவற்றில் உள்ளே இருக்கும் ட்ரான்சிஸ்டரை வேறு வகையாக மாற்றியிருக்கிறார்கள். அந்த மாற்றம் திருத்தத்தைத் தாமதமாக்கும். அந்தத் தாமதத்தை ஈடுகட்டும் பொறுப்பை வெளியே நாம் போடும் கண்டென்சரிடம் ஒப்படைத்துவிட்டார்கள். குறைந்தது 22 மைக்ரோஃபாரட் வேண்டும் என்று டேட்டாஷீட் சொல்கிறது. கண்டென்சருக்குள் இயல்பாக இருக்கும் சிறு மின்தடை, ஈ.எஸ்.ஆர். என்று நாங்கள் சொல்வது, 0.1 ஓமுக்கும் 1 ஓமுக்கும் நடுவே இருக்க வேண்டும். குறைந்தாலும் ஆடும், கூடினாலும் ஆடும். 7805க்காகப் போட்ட பழைய போர்டில் ரெகுலேட்டர் பக்கத்தில் இருந்தது வெறும் 0.1 மைக்ரோஃபாரட். மோடமின் பெரிய கண்டென்சர் டையோடுக்கு அந்தப் பக்கம்.

இதைச் சொன்னதும் அந்தக் கம்பெனியின் இளம் பொறியாளர் விலை உயர்ந்த 22 மைக்ரோஃபாரட் செராமிக் கண்டென்சரைப் போட்டார். மறுபடி நடுக்கம். நல்ல சாமானாகப் பார்த்துத்தானே போட்டேன் என்று அவருக்கு வருத்தம். நல்ல சாமான்தான், செராமிக்கின் ஈ.எஸ்.ஆர். ஓமின் ஆயிரத்தில் சில பங்குதான். அந்த நல்ல குணமே இங்கே கெடுதல். சாதாரண எலக்ட்ரோலிட்டிக் போட்டிருந்தால் அன்றைக்குச் சரியாகியிருக்கும். ஆனால் இரும்புப் பெட்டிச் சூட்டில் சில கோடைகளில் அது உள்ளே காய்ந்து, ஈ.எஸ்.ஆர். ஏறி, மறுபடி எல்லையைத் தாண்டும். கடைசியில் அந்த செராமிக்குடனேயே தொடராக ஒரு 0.47 ஓம் ரெசிஸ்டரைச் சேர்த்தோம். அதன் விலை சில காசு. நடுக்கம் நின்றது.

இத்தனையும் டேட்டாஷீட்டில் இருந்தது. மறைக்கவில்லை. ஈ.எஸ்.ஆர். எல்லையைக் காட்டும் வரைபடம் ஒன்று பின்பக்கங்களில் இருக்கும். கிடையாக லோடு கரன்ட், நெடுக்காக ஈ.எஸ்.ஆர்., நடுவே இரண்டு கோடுகள், அவற்றுக்கு இடையே நிலையான பகுதி. ஒரு ரெகுலேட்டரை எடுத்ததும் நான் முதலில் தேடுவது அந்தப் படத்தைத்தான். அது இல்லாமல் 'செராமிக்கோடு நிலையாக இயங்கும்' என்று எழுதியிருந்தால், எத்தனை மைக்ரோஃபாரட் என்று பார்ப்பேன். செராமிக்கின் மேல் அச்சடித்த அளவு வோல்டேஜ் ஏறினால் குறையும். 6.3 வோல்ட் தாங்கும் சின்ன உருவ 10 மைக்ரோஃபாரட்டின் மேல் 5 வோல்ட் நின்றால் பாதிக்கும் கீழே போய்விடுவது சாதாரணம். மலிவான ஒய்5வி ரகம் வெப்பநிலை மாற்றத்துக்கே 82 சதவீதம் வரை இழக்கலாம் என்பது அதன் தர வரையறையிலேயே இருக்கிறது.

நிலைத்தன்மைக்கு நேரடியான மதிப்பெண் பெரும்பாலான டேட்டாஷீட்டுகளில் கிடையாது. அதை மறைமுகமாகத்தான் படிக்க வேண்டும். லோடு திடீரென்று ஏறும்போது வெளியீடு எப்படி அசைகிறது என்று ஒரு படம் போட்டிருப்பார்கள். ஒருமுறை குனிந்து நிமிர்ந்து அடங்கினால் நிம்மதி. நாலைந்து முறை அலைந்து அடங்கினால், உங்கள் கண்டென்சர் கொஞ்சம் மாறினாலே அடங்காமல் போகலாம் என்று அர்த்தம். அந்தப் படத்துக்கும் நிபந்தனை உண்டு. எந்தக் கண்டென்சர், லோடு எதிலிருந்து எதுவரை ஏறியது, ஏறும் வேகம் என்ன, குறுக்குக் கோடு ஒன்றுக்கு எத்தனை மில்லிவோல்ட். மெதுவாக ஏற்றினால் எந்த ரெகுலேட்டரும் அழகாகத்தான் அசையும்.

இன்னொரு தொல்லை, ஒரே எண்ணில் பல பிறவிகள். 1117 என்ற எண்ணைச் சொன்னால் கடையில் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துத் தருவார்கள். எல்எம்1117இன் காகிதம் கண்டென்சரின் ஈ.எஸ்.ஆர். 0.3 ஓமிலிருந்து 22 ஓம் வரை இருக்க வேண்டும் என்கிறது. டிராப்அவுட் 800 மில்லி ஆம்பியரில் வழக்கமாக 1.2 வோல்ட். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிஎல்வி1117எல்வி என்பதோ 1 மைக்ரோஃபாரட் செராமிக்கோடு நிலையாக நிற்கும், 3.3 வோல்ட் ரகத்துக்கு டிராப்அவுட் 1 ஆம்பியரில் அரை வோல்ட்டுக்கும் குறைவு. ஆனால் உள்ளீடு 5.5 வோல்ட்டைத் தாண்டக்கூடாது. பழைய 1117க்கு 15 வோல்ட் வரை கொடுக்கலாம் என்று பழகியவர் இதை 9 வோல்ட்டில் மாட்டினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. வாங்கும் பில்லில் முழு எண்ணும் தயாரிப்பாளர் பெயரும் இல்லாமல் ரெகுலேட்டர் வாங்குவதைச் சிறு கம்பெனிகள் நிறுத்த வேண்டும் என்பது என் பிடிவாதமான கருத்து. நாலணா மிச்சத்துக்கு வேறு பெயர் போட்டதை மாற்றி வாங்குகிறவர்கள் அதன் டேட்டாஷீட்டையும் சேர்த்து வாங்கியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

கல்லூரிப் புராஜெக்ட் கண்காட்சிகளுக்கு மதிப்பெண் போட என்னைக் கூப்பிடுவார்கள். ஒரு லித்தியம் செல், ஒரு 1117, ஒரு வைஃபை மாட்யூல். இந்த மூவர் கூட்டணி இல்லாத வருடம் இல்லை. செல் முழுதாக நிரம்பினால் 4.2 வோல்ட். மாட்யூலுக்கு வேண்டியது 3.3. நடுவில் 1117 கேட்பது 1.2. கூட்டினால் 4.5. அதாவது செல் முழுதாக இருக்கும்போதே ரெகுலேட்டர் வேலை செய்யவில்லை. தனக்குள் ஒரு வோல்ட்டுக்கு மேல் கழித்துக்கொண்டு மிச்சத்தைத் தள்ளிவிடுகிறது. காலையில் மாட்யூல் 3 வோல்ட்டில் பிழைத்துக்கொள்ளும், மத்தியானத்துக்குள் விழுந்துவிடும். பிள்ளைகள் கல்லூரியின் வைஃபையைக் குறை சொல்வார்கள். டேட்டாஷீட் பார்த்தீர்களா என்றால், இணையத்தில் கிடைத்த படத்தைப் பார்த்துப் போட்டோம் மேடம் என்பார்கள். அந்தப் பிள்ளைகள் மேல் எனக்குக் கோபம் இல்லை. 1960களில் பிறந்த 723 ரெகுலேட்டரின் உட்படத்தை வரையச் சொன்னால் பிசகில்லாமல் வரைவார்கள். பாடத்தில் அது இருக்கிறது, பரீட்சையில் அது வரும். அந்தப் படத்தை வரைந்து ஒரு சர்க்யூட்டையும் சரிசெய்ய முடியாது என்பதை யாராவது பாடத்திட்டக் குழுவில் எழுந்து சொல்ல வேண்டும்.

இதையெல்லாம் சொன்னால், இப்போது யார் மேடம் இந்தப் பழைய ரெகுலேட்டர் போடுகிறார்கள், எல்லாரும் ஸ்விட்சிங் ரகத்துக்குப் போய்விட்டார்களே என்பார்கள். போகட்டும், வெப்பம் குறையும், நல்லதுதான். அதற்கும் குறைந்தபட்ச உள்ளீடு உண்டு, அதன் நிலைத்தன்மையும் வெளியே போடும் காயிலையும் கண்டென்சரையும் பொறுத்தது. அதன் டேட்டாஷீட் இதைவிட நீளம்.

பொறியியல் கல்லூரிகளின் மின்னணுத் துறைத் தலைவர்களுக்கு ஒரு வேண்டுகோள். செமஸ்டர் தேர்வில் ஒரே ஒரு கேள்வியை மாற்றுங்கள். உண்மையான டேட்டாஷீட்டின் இரண்டு பக்கத்தை வினாத்தாளோடு கொடுங்கள். 42 டிகிரி வெயிலில் நிற்கும் பெட்டியில், 170 வோல்ட் வரும் ஊரில் இந்த ஐசி 5 வோல்ட் கொடுக்குமா, எந்தக் கண்டென்சரோடு கொடுக்கும் என்று கேளுங்கள். மனப்பாடம் செய்தவரால் எழுத முடியாது. படிக்கத் தெரிந்தவர் எழுதிவிடுவார்.

ஸ்டார்ட்டர் செய்கிறவர்களுக்கு இன்னும் எளிய வேலை. ஒரு வேரியாக், ஒரு ஸ்கோப், ஒரு மத்தியானம். வேரியாக்கை 250லிருந்து 160 வரை மெல்ல இறக்கி, மோடம் பேசிக்கொண்டிருக்கும்போது 5 வோல்ட் கோட்டைப் பாருங்கள். கண்டென்சரை மாற்றிப் போட்டு மறுபடி பாருங்கள். போர்டைச் சூடாக்கி ஒரு முறை பாருங்கள். இதைச் செய்யாமல் சந்தைக்கு அனுப்பும் போர்டுக்கு உத்தரவாத அட்டை கொடுப்பது நியாயமில்லை.

மோட்டாருக்கு போன் ஸ்டார்ட்டர் வாங்கப் போகும் விவசாயிகள் கடையில் சிம் எந்தக் கம்பெனி, ஆப் உண்டா என்று கேட்பது போல இதையும் கேளுங்கள்: இது எத்தனை வோல்ட் வரை இறங்கினாலும் போன் எடுக்கும்? 'எல்லா வோல்டேஜுக்கும் எடுக்குமுங்க' என்று பதில் வந்தால் வாங்காதீர்கள். ஓர் எண்ணைச் சொல்லி, அதை பில்லில் எழுதியும் தருகிற கடையில் வாங்குங்கள்.